ரெண்டாயிரம் ரூபாய் தூண்டில் செட்: ஆத்துவாயில் ரெண்டு பேருக்குத் தாங்குமா?

ஒரு துணிப்பை. உள்ளே, மடக்கினால் ஒரு முழம், இழுத்தால் ஏழடி வரும் ராடு, கறுப்பும் தங்க நிறமுமாக ஒரு ரீல், அதில் சுற்றிய நரம்பு (தூண்டில் நூல்), ஐம்பது அறுபது உருப்படி அடைத்த பிளாஸ்டிக் பெட்டி. 1,500 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்குள் இணையத்தில் பல பெயர்களில் கிடைக்கிறது. பெரும்பாலும் ஒட்டியிருக்கும் பெயர்தான் வேறு, சரக்கு ஒரே மாதிரி. புதிதாகப் பழக்கமான சிநேகிதரைக் கோடை விடுமுறையில் ஒரு நாள் ஆத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது இதைத்தான். அவருக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று ரெண்டாக வாங்கிவிடுகிறார்கள். ரெண்டு வேண்டாம். ஒரு செட்டும் ஒரு கைத்தூண்டிலும் போதும். அந்த ஒரு செட்டிலும் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். ராமநாதபுரம் பக்கம் மே மாதத்தில் ஆறு என்று எதைச் சொல்வது? வைகை 258 கிலோமீட்டர் வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. கண்மாய் பெருகி மறுகால் போனால்தான் மிச்சம் ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில் விழும். கோடையில் அதற்கு வழியில்லை. ஆகவே தூண்டில் போடுகிற ஆறு என்பது, கடல் உள்ளே ஏறி நிற்கிற கடைசித் துண்டு மட்டும்தான்: ஆற்றங்கரையில் வைகையின் வாய், காரங்காட்டில் கோட்டக்கரை ஆறு, தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் மூக்கையூரை ஒட்டிக் குண்டாறு. எல்லாமே உப்புத் தண்ணீர். செட்டின் அட்டைப்படத்தில் இருப்பதோ மலையடிவார ஓடை. பெட்டிக்குள் இருப்பதும் அந்த ஓடைக்கான சாமான்தான். கோளாறெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நல்ல தண்ணீருக்குக் கண்மாய் இருக்கிறதே என்று கேட்கலாம். கண்மாய் மீன் குத்தகைக்குப் போகிற சொத்து. குத்தகைக்காரரைக் கேட்காமல் விராலுக்குப் போட்டால் சிநேகிதர் முன்னாலேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இனி ராடு. மேலே ‘கார்பன்’ என்று பொறித்திருக்கும். இந்த விலைக்குக் கார்பன் வராது. அடிமூடியைத் திருகிக் கழற்றி, உள்கணுக்களின் (ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் குழாய்த் துண்டுகளின்) வெட்டு ஓரத்தைப் பாருங்கள். உள்வரை கறுப்பாக இருந்தால் கார்பன். வெளியே கறுப்புச் சாயமும் ஓரத்தில் வெள்ளை அல்லது மங்கிய மஞ்சளுமாகத் தெரிந்தால் கண்ணாடி இழை. பெரும்பாலும் ரெண்டாவதுதான். பொய் சொல்லி விற்கிறார்கள் என்பது தவிர இதில் நமக்கு நஷ்டமில்லை. கண்ணாடி இழை கொஞ்சம் கனம், கொஞ்சம் சோம்பல். ஆனால் பாறையில் தட்டினாலும், புது ஆள் தாறுமாறாக வளைத்தாலும் பொறுத்துக்கொள்ளும். மெல்லிய கார்பன் ராடு ஒரு கீறல் விழுந்தாலே அடுத்த இழுப்பில் படக்கென்று போய்விடும். பழகுகிற கைக்குக் கண்ணாடி இழைதான் சரி.

பார்க்க வேண்டிய இடம் வளையங்கள். ஒவ்வொரு கம்பி வளையத்துக்குள்ளும் வழவழப்பான உள்வளையம் ஒன்று ஒட்டியிருக்கும். ஒரு பஞ்சுத் திரியை எல்லாவற்றிலும் நுழைத்து இழுங்கள். எங்கே பஞ்சு பிசிறாக மாட்டுகிறதோ அங்கே விரிசல். அந்த விரிசல் நரம்பைச் சீவிக்கொண்டே இருக்கும். பெரிய மீன் மாட்டும்போது அறுந்துபோய் நரம்பின் மேல் பழி விழும். நுனிவளையத்தின் உள்வளையம்தான் முதலில் கழன்று விழுகிறது. வந்த அன்றே சோதித்தால் திருப்பி அனுப்பலாம்; ஒரு தடவை உப்புத் தண்ணீர் பட்டபிறகு கடைக்காரர் வாங்கமாட்டார்.

இழுக்கும்போது நுனிக்கணுவிலிருந்து தொடங்கி அடிநோக்கி ஒவ்வொன்றாக இழுத்து, லேசாக முறுக்கி நிறுத்த வேண்டும். அடியிலிருந்து பார்த்தால் எல்லா வளையமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். உதறி விரிப்பது பார்க்க அழகு. கணுக்கள் இறுகிக்கொள்ளும், சாயங்காலம் மடங்காது. கணுவுக்குள் மணல் புகுந்தாலும் அதேதான். இறுகினால் குறடு போட்டுத் திருகாதீர்கள், குழாய் நசுங்கிப் பிளந்துவிடும். பழைய சைக்கிள் டியூப் துண்டு ரெண்டை இணைப்பின் இருபக்கமும் சுற்றிப் பிடித்து, எதிரெதிராக முறுக்கிக்கொண்டே உள்ளே தள்ளினால் விட்டுக்கொடுக்கும்.

எடை விஷயத்தில் இந்த ராடு கறார். 15 முதல் 25 கிராம் ஈயம்வரை முழு வீச்சு வீசலாம். ‘தூரம் போகட்டும்’ என்று 60 கிராம் ஈயத்தைக் கட்டி வீசினால் நுனியிலிருந்து ரெண்டாவது கணுவில் முறியும். இன்னொரு முறிவும் உண்டு, அது மீன் கரைக்கு வந்தபிறகு நடப்பது: ரெண்டு கிலோ கெளிறைப் பக்கத்தில் கொண்டுவந்து, ராடைச் செங்குத்தாக நிமிர்த்தி, அப்படியே தூக்கப் பார்ப்பார்கள். அந்தக் கோணத்தில் பாரம் முழுவதும் நுனிக்கணு ஒன்றின் மேல். மீனைக் கரைமேட்டில் இழுத்து ஏற்றுங்கள், அல்லது கை வலையில் அள்ளுங்கள். ராடு மீனைத் தூக்குகிற கருவி இல்லை.

ரீல் பெட்டியில் அளவு 3000 என்றும், பன்னிரண்டு பால்பேரிங் என்றும் எழுதியிருக்கும். பேரிங் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். மூன்றே சோதனை. ஒன்று, பெயில் எனப்படும், நரம்பைப் பிடித்து ரீலில் சுற்றிவிடும் வளைகம்பியின் முனையில் நரம்பு உரசிப்போகும் சின்ன ரோலர் இருக்கிறதே, அதை நகத்தால் தள்ளினால் சுழல வேண்டும். சுழலாவிட்டால் நரம்பு ஒரே இடத்தில் அறுத்து அறுத்து அதில் பள்ளம் விழும், நரம்பும் முறுக்கேறும். ரெண்டு, பின்பக்கம் சுற்றாமல் தடுக்கும் லீவரைப் போட்டுவிட்டு கைப்பிடியைப் பின்னால் தள்ளுங்கள். ஒரு நூல் அளவு ஆடலாம், கால்வட்டம் ஆடினால் திருப்பி அனுப்புங்கள். மூன்று, டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக வழுக்கவிடும் பிடி. மேல்மூடியைப் பாதி இறுக்கி நரம்பைக் கையால் இழுத்தால் ஒரே சீராக வழுக்க வேண்டும். நின்று, பிடித்து, வெடுக்கென்று விட்டால் அந்த வெடுக்கில்தான் மீன் அறுத்துக்கொண்டு போகும். மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் வட்டத் துணிப்பட்டையில் துளி கிரீஸ் தடவினால் பாதி ரீல்கள் சரியாகிவிடுகின்றன.

இந்த ரீல்களில் உடம்பு பிளாஸ்டிக், அதற்கு உப்பு ஒன்றும் செய்யாது. துருப்பிடிப்பவை பெயில் ஸ்பிரிங், ஸ்க்ரூ, ரோலர் பேரிங். அன்றே கழுவித் துடைத்தால் ரெண்டு கோடை ஓடும். பையில் போட்டபடி பரணில் வைத்தால் அடுத்த மாதம் பெயில் திறக்காது.

செட்டோடு வரும் நரம்புக்கு மட்டும் கருணையே வேண்டாம். 0.25 மி.மீ. பக்கம் இருக்கும், வாங்குவதற்கு முன்பே மாதக்கணக்கில் ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையில்) இறுகிச் சுருண்டு கிடந்திருக்கும். வீசினால் ஸ்பிரிங் போலச் சுருள் சுருளாகப் போகும். உருவி எறிந்துவிட்டு, கடையில் 0.35 மி.மீ. தங்கூசி நரம்பு 100 மீட்டர் வாங்கிச் சுற்றுங்கள். இந்த அளவு ஸ்பூல் அதைக் கிட்டத்தட்ட நிறையக் கொள்ளும். விளிம்புக்கு ரெண்டு மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்பு தளும்ப நிரப்பினால் ஒரே வீச்சில் பத்து சுருள் சேர்ந்து கிளம்பி குருவிக்கூடு கட்டிவிடும். ரொம்பக் குறைவாக இருந்தால் நரம்பு விளிம்பில் உரசித் தூரம் போகாது.

நரம்பு சுற்றுவது ரெண்டு பேர் வேலை. புது நரம்பின் சுருளைத் தரையில் படுக்கவைத்து, ஒருவர் ஈரத் துணியால் நரம்பைப் பிடித்து இழுவை கொடுக்க, மற்றவர் சுற்ற வேண்டும். இருபது சுற்றுச் சுற்றியதும் நிறுத்தி நரம்பைத் தளர்த்திப் பாருங்கள். தானாகப் பின்னிக்கொண்டால் சுருள் எதிர்ப்பக்கமாக உருவுகிறது என்று அர்த்தம். சுருளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுத் தொடருங்கள். இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்கள்தான் மத்தியானம் கரையில் உட்கார்ந்து சிக்கெடுக்கிறார்கள்.

டிராக் எவ்வளவு இறுக்குவது என்பதற்குத் தராசு தேவையில்லை. 0.35 நரம்பு சுமார் 8 கிலோ தாங்கும் என்று லேபிளில் இருக்கும். அதில் கால்பங்கு போதும். ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி நரம்பு முனையில் கட்டித் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பும்போது ரீல் மெல்ல வழுக்கினால் சரி. ஆத்துவாயில் ராடு பிடிக்கிற புது ஆள் செய்யும் முதல் காரியம், மீன் இழுத்ததும் பதறி டிராக்கை இறுக்குவது. இறுக்கிய கையை விடச் சொல்லுங்கள். இழுத்துக்கொண்டு போகிற மீனுக்கு நரம்பைக் கொடுப்பதற்குத்தான் அந்த மூடியே இருக்கிறது.

சாமான் பெட்டிக்கு வருவோம். ஐம்பது அறுபது உருப்படி என்றால் கண் நிறைந்துபோகும். ரப்பர் மீன், ரப்பர் புழு, சின்னச் சின்ன பளபளத் தகடு, ரெண்டு பிளாஸ்டிக் மீன், தக்கை, மணி, சுழல் (நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு), ஒரு கொத்து தூண்டில் முள். ரப்பர் மீனையும் பிளாஸ்டிக் மீனையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். வண்டி சீட்டில் ஒரு மணி நேரம் வெயில் பட்டால் ரப்பரிலிருக்கும் எண்ணெய்ப் பசை கசிந்து, பெயின்ட் இளகி, ரெண்டும் ஒட்டிக்கொள்ளும். பெட்டியின் அடியும் சேர்ந்தே உருகும்.

முள்தான் பெரிய ஏமாற்று. ஒன்றைப் பலகையில் குத்தி, நரம்பில் கட்டிப் பலமாக இழுத்துப் பாருங்கள். ஊக்கு மாதிரி விரிந்துவிடும். கொடுவாய்க்கு ஆகாது, கெளிறுக்கே ஆகாது. ஆனால் அந்தப் பொடி முள்ளையும் தக்கையையும் தூக்கிப் போடவும் வேண்டாம். மடவைக்கு அதுவே போதும். மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து, தண்ணீரில் கரையாமலிருக்கக் கொஞ்சம் பஞ்சு சேர்த்து, பயறு அளவு உருட்டி முள்ளை மூடி, தக்கைக்கு ரெண்டடி கீழே தொங்கவிட்டால் நீரோட்டம் தளர்ந்த இடங்களில் மடவை மெல்ல மெல்ல உறிஞ்சும். தக்கை அமிழாது, பக்கவாட்டில் நகரும். நகர்ந்ததும் லேசாக ஒரு சுண்டு. பலமாகச் சுண்டினால் மடவையின் மெல்லிய உதடு கிழிந்துவிடும்.

மற்றதற்கெல்லாம் முள் தனியாக வாங்குங்கள். கிழங்கானுக்கும் ஊடகத்துக்கும் 8 அல்லது 10 நம்பர், கொடுவாய்க்கும் செப்பிலிக்கும் 1/0 அல்லது 2/0. எண் ஏற ஏற முள் சிறுக்கும். ‘/0’ போட்ட வரிசையில் மட்டும் எண் ஏறினால் முள் பெருக்கும். புதியவர்கள் குழம்புகிற இடம் இது.

கட்டும் முறை ஒன்றே ஒன்று தெரிந்தால் ஒரு நாளை ஓட்டிவிடலாம். நடுவில் துளையுள்ள 20 கிராம் ஈயத்தை ரீல் நரம்பில் கோருங்கள். அடுத்து ஒரு பாசிமணி. முடிச்சில் ஈயம் மோதாமலிருக்க. பிறகு சுழல் கட்டுங்கள். சுழலின் மறுகண்ணில் 0.50 மி.மீ. நரம்பு ரெண்டடி, அதன் முனையில் முள். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது நரம்பு ஈயத்தின் துளை வழியாக உருவிப் போகும். ஈயத்தின் பாரம் அதற்குத் தெரியாது. தடித்த நரம்பு எதற்கென்றால், கொடுவாயின் செவுள் மூடி பிளேடு போல இருக்கும், உள்வாய் அரம் போலச் சொரசொரக்கும். மெல்லிய நரம்பு ரெண்டு நிமிடத்தில் பிய்ந்துவிடும். கூர்ப்பல் மீனான ஊளி நடமாடும் இடமென்றால் 0.50-ம் போதாது, ஒரு சாண் கம்பி வேண்டும்.

முடிச்சு: நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, நீள நரம்பின் மேல் ஐந்து சுற்று. கண்ணை ஒட்டி உண்டாகும் சின்னத் துவாரத்தில் முனையைத் திருப்பி நுழைத்து, அதனால் உண்டாகும் பெரிய வளையத்துக்குள் மறுபடி ஒரு தடவை. எச்சில் தொட்டு நனைத்து மெல்ல இறுக்க வேண்டும். காய்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் உரசும் சூட்டில் நரம்பு வெளுத்துச் சுருங்கும். அந்த வெளுப்பைக் கண்டால் அறுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், வாதாட வேண்டாம்.

இரைக்கு இறால். காலையில் கரைக்கு வந்த வலையிலிருந்து வாங்கியதாக இருந்தால் ஓட்டோடு, வால் பக்கம் நுழைத்து உடம்பு வழியாக முள்ளை ஏற்றி, முனை வெளியே தெரிய விடுங்கள். ஐஸில் பழசான இறால் வீசும்போதே பறந்துவிடும். இரை திரும்பத் திரும்பக் காணாமல் போனால் என்ன தின்றது என்று முள்ளே சொல்லும். வட்டமாகக் கத்தரித்தாற்போல இருந்தால் பேத்தை, உடம்பை உப்பிக்கொள்ளும் விஷ மீன். அது நரம்பையும் கடித்துவிடும், மெல்லிய முள்ளை நொறுக்கியும் விடும். இடம் மாறுவதே வழி. நரம்பு மட்டும் நார் நாராகப் பிசிறடித்திருந்தால் நண்டு.

காற்றைச் சொல்லாமல் இந்த செட்டுக்கு மதிப்பெண் போட முடியாது. ஏழடி ராடும் 20 கிராம் ஈயமும் எதிர்காற்றில் இருபது பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) போவதே பெரிது. மே பிறந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் தென்கடல் கரையில், மூக்கையூர் வாலிநோக்கம் பக்கம், காற்று முகத்திலோ விலாவிலோ அடிக்கும், கடலும் கலங்கி எழும். அதே கச்சான் வடகடல் கரையில் முதுகுப் பக்கமாக வருகிறது. ஆற்றங்கரையிலும் காரங்காட்டிலும் காற்றே ஈயத்தைக் கொண்டுபோய்ப் போடும். கோடையில் இந்த செட்டோடு வடக்கே போங்கள், வாடைக்காலத்தில் தெற்கே. நாள் பார்ப்பதென்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள். இந்தக் கடலில் தண்ணீர் ஏறி இறங்குவதே ஒரு மீட்டருக்குள்தான். அந்த நாட்களில்தான் ஆத்துவாயில் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் வற்றத் தொடங்கிய முதல் ரெண்டு மணி நேரம், பக்கத்து ஓடைகளிலிருந்து பொடிமீன் வெளியேறும் வாயில், ஓட்டத்துக்கு ஓரமாக இரை கிடக்க வேண்டும். நட்டநடு ஓட்டத்தில் போட்டால் 20 கிராம் நிற்காது, உருண்டுபோய் வேரில் சிக்கும்.

காரங்காட்டில் அலையாத்திக் காடு வனத்துறைப் பொறுப்பில் இருக்கிறது. படகுச் சவாரி நடத்துகிறார்கள். எங்கே தூண்டில் போடலாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள், மண்ணிலிருந்து ஈட்டி போல நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களை மிதிக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா. யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கு இல்லை. ஆனால் அந்த நாட்களில் நாட்டுப்படகுக்காரர்களின் வலை ஆத்துவாய் ஓரங்களிலும் கிடக்கும். மிதப்பு தெரியும் இடத்தில் வீசாதீர்கள். வலையில் முள் மாட்டினால் அறுபடுவது உங்கள் நரம்பு மட்டும் இல்லை.

இப்போது கைத்தூண்டில். 0.60 மி.மீ. நரம்பு 40 மீட்டர், 30 கிராம் ஈயம், 2/0 முள், சுற்றிவைக்க ஒரு லிட்டர் கெட்டி பாட்டில். எல்லாம் சேர்த்து 150 ரூபாய்க்குள். பாட்டிலின் வாய்ப்பக்கத்தை இடக்கையில் பிடித்து, அடிப்பக்கம் தண்ணீரைப் பார்க்க நீட்டிக்கொண்டு, வலக்கையால் ஈயத்தை ரெண்டு சுற்றுச் சுழற்றி விட்டால், ரீலில் உருவுவதுபோலவே பாட்டிலிலிருந்து நரம்பு உருவிப்போகும். பதினைந்து இருபது பாகம் போகும். ஓடை வாயில் அதற்கு மேல் தேவையும் இல்லை.

புது ஆளுக்கு முதல் ஒரு மணி நேரம் இதைத்தான் கொடுக்க வேண்டும். ராடில் நுனி ஆடுவதை ஓட்டம் ஆட்டுகிறதா, காற்றா, மீனா என்று பிரித்தறியப் பல நாள் பிடிக்கும். கைத்தூண்டிலில் நரம்பு ஆள்காட்டி விரலின் மேல் கிடக்கிறது. கிழங்கான் தொட்டால் டொக் டொக் என்று கொத்தும். நண்டு என்றால் கனமாக, மெதுவாக நகரும். கெளிறு ஒரே இழுப்பு. பத்தே நிமிடத்தில் விரல் கற்றுக்கொண்டுவிடும், பிறகு ராடைக் கொடுத்தால் அவர் பார்ப்பது நுனியை இல்லை, மீனை. கெடுதலும் உண்டு. விரலை அறுக்கும்; சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நரம்பை உள்ளங்கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. இழுத்த நரம்பைக் காலடியில் குவித்தால் சீமைக்கருவேல முள் ஒன்று அதில் ஏறிக்கொள்ளும், மறு வீச்சில் மொத்தமும் முடிச்சு. நின்ற இடத்தை முதலில் பெருக்கிவிடுங்கள், அல்லது ஒரு சாக்கை விரியுங்கள்.

ராடு வீச்சில் சொல்லிக்கொடுக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஆள்காட்டி விரலில் நரம்பை மடித்துப் பிடி, பெயிலைத் திற, பின்னால் திரும்பிப் பார், தலைக்கு மேலிருந்து முன்னால் சுண்டு, ராடு பத்துமணி முள் இருக்கும் சாய்வுக்கு வரும்போது விரலை விடு. ‘பின்னால் பார்’ என்பதை ஒவ்வொரு வீச்சுக்கும் சொல்லுங்கள். பின்னால் இருப்பது கருவேல மரமாகவும் இருக்கலாம், உங்கள் காதாகவும் இருக்கலாம். மேலே மின்கம்பி போனால் அங்கே நிற்கவே வேண்டாம். ஈயம் விழுந்ததும் கைப்பிடியைச் சுற்றிப் பெயிலை மூடும் பழக்கம் இந்த ரீல்களில் சிக்கலுக்கு முதல் காரணம். கையால் மூடி, நரம்பை ஒரு தடவை விரலால் இழுத்துத் தொய்வு எடுத்தபிறகு சுற்ற வேண்டும்.

செட்டில் இல்லாததும், இருந்தே ஆக வேண்டியதும் மூக்குக்குறடு. கெளிறின் முதுகிலும் இரு பக்கமும் ரம்பப்பல் முள். ஓராவின் துடுப்பு முள்ளெல்லாம் விஷம். வெறுங்கையால் தூண்டில் முள்ளை எடுக்கப் போகாதீர்கள். மீன் முள் குத்திவிட்டால் ரத்தத்தைக் கழுவிவிட்டு, பொறுக்கிற சூடுள்ள வெந்நீரில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தினால் கடுப்பு இறங்கும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலும் வீக்கம் ஏறினாலும் ஆஸ்பத்திரிதான். பேத்தை மாட்டினால் நரம்பை அறுத்துத் தண்ணீரில் விடுங்கள்; அதைச் சமைக்கவே கூடாது. தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் படுத்திருக்கும் திருக்கை விலகிப்போகும். ரப்பர் செருப்பு உதவாது. கருவேல முள் அதை ஊடுருவி உள்ளங்காலில் ஏறும். கெட்டி அடியுள்ள ஷூ வேண்டும்.

பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிவரை மீனும் சோம்பல், மனிதரும் சோம்பல். அந்த நேரத்துக்கு நுங்கு இருக்கிறது. ரெண்டு பேருக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள், வழியில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பிடித்த மீனைத் தெர்மாகோல் பெட்டியில், மீன் எடைக்குச் சரி எடை பொடித்த ஐஸ் போட்டு வையுங்கள். வெயிலில் ஈரச்சாக்கில் வைத்த மீன் வீடு போய்ச் சேரும் முன் வயிறு கலங்கிவிடும். கொடுவாயில் உள்ளங்கை நீளக் குட்டி மாட்டினால் விட்டுவிடுவது நல்லது. அது ஆணாகத் தொடங்கிப் பெரிதான பிறகு பெண்ணாகிற மீன். குட்டியிலேயே எடுத்தால் முட்டையிடும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது.

கழுவும் தண்ணீர் எது என்பதும் முக்கியம். இந்தக் கரையோரக் கிணறுகளில் பாதி உவர். அதில் ரீலைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. குடிக்கிற தண்ணீர் அரை லிட்டர் போதும். டிராக் மூடியை நன்றாக இறுக்கிவிட்டு மெல்ல ஊற்றிக் கழுவுங்கள், பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும். துடைத்து, மூடியைத் தளர்த்தி, நிழலில் காயவைத்து, ரோலருக்கும் பெயில் மூட்டுக்கும் கைப்பிடிக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ராடை முழுவதும் விரித்து ஒவ்வொரு கணுவையும் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் இணைப்புகளில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் இறுகாது.

கணக்கு: செட் 1,800, நரம்பும் முள்ளும் ஈயமும் சுழலும் 350, குறடு 150, கைத்தூண்டில் 150. ஆக மொத்தம் 2,450 ரூபாய். கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும். ரெண்டு செட் என்றால் 3,600, அப்போதும் நல்ல முள்ளும் நரம்பும் தனியாகத்தான் வாங்க வேண்டும். ராடுக்குப் பத்துக்கு ஆறரை, ரீலுக்கு ஐந்து, பெட்டிக்கு ரெண்டு, நரம்புக்குச் சுழியம். மாதம் நாலு தடவை போகிறவர் இதை வாங்க வேண்டாம்; ரெண்டு துண்டாகக் கழற்றும் ராடும் உப்புத் தண்ணீருக்கென்றே செய்த ரீலும் தனித்தனியாக வாங்கட்டும், விலை ரெண்டு மடங்கு ஆனாலும். வருஷத்தில் ரெண்டு மூன்று நாள் போகிறவருக்கு இது சரி.

நுனி ஒடிந்தாலும் செட்டைக் குப்பையில் போட வேண்டாம். ஒடிந்த துண்டின் நுனிவளையத்தை லைட்டரால் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகி வளையம் கழன்றுவரும். மிச்சமிருக்கும் முனையை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, நரம்பு நூலில் நாலு சுற்றுச் சுற்றிக் கெட்டியாக்கி, பசை தடவி வளையத்தைச் செருகி, மற்ற வளையங்களோடு ஒரே கோட்டில் நிறுத்திவிடுங்கள். ராடு அரையடி குட்டையாகும், கொஞ்சம் விறைக்கும். அந்த விறைப்பு 25 கிராம் ஈயத்துக்கு முன்னைவிட வாகாகவே இருக்கிறது.